நஸீர் நானா பிக்கப்புக்கு நான் ஊத்துன ஒயில்

அந்த தண்ணி பைப்ப மூடிட்டு கிட்ட வாங்க புள்ளைங்களா. வண்டி கழுவுற சத்தத்துல என் கொரல் எனக்கே கேக்கல. முதலாளி நேத்து போன் எடுத்து, "மேரியக்கா, புதுசா அஞ்சு பேர் வந்திருக்காங்க, ஒயில் பத்தி ரெண்டு வார்த்த சொல்லிட்டு போங்க"னாரு. ரெண்டு வார்த்தையாம்! இருபது வருசம் என்னய பக்கத்துல வச்சிருந்தும் அந்த மனுசனுக்கு என்னய தெரியல பாருங்க.

எனக்கு சந்தோசம்தான். வீட்டுல குந்தியிருந்தா பேத்தி டீவி ரிமோட்ட தரமாட்டேங்குறா. இங்க வந்தா கிரீஸ் வாசம் வருது, டீ வருது, நீங்க அஞ்சு பேரும் வேற என் வாய பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

மொதல்லயே ஒன்னு சொல்லிர்றேன். எனக்கு எழுத்து தெரியாது. வத்தேகமைக்கு மேல தோட்டத்துல பொறந்தேன், எனக்கு பின்னால அஞ்சு தம்பி தங்கச்சி. பள்ளிக்கூடத்து வாசல்ல அவுங்கள விட்டுட்டு திரும்பி வர்றது மட்டுந்தான் என் படிப்பு. ஆனா நம்பர் தெரியும். பஸ் நம்பர், காசு நம்பர், லாட்டரி ஸ்வீப் டிக்கட் நம்பர் எல்லாம் தெரியும். ஒயில் கேன்ல முக்கியமா இருக்கறது நம்பர்தானே. அதனால என்னய யாரும் குத்தம் சொல்ல முடியாது. நான் இப்ப சொல்லப் போற அந்த ஒரு நாளத் தவிர.

நான் இந்த கட்டுகஸ்தோட்டை சேர்விஸ் ஸ்டேஷனுக்கு வந்தது டீ ஊத்த. டீ ஊத்துனேன், கூட்டுனேன், ஒயில் துணி அலசுனேன். அப்ப இங்க ஒரு பாஸ் இருந்தாரு. பெரிய மெக்கானிக். சிங்கள ஆளு, தமிழ் நம்மள மாதிரி பேசுவாரு, ஏசுறது மட்டும் சிங்களத்துல ஏசுவாரு. ஒரு நாள் காலையில நல்ல குளிரு, மகாவலி ஆத்து மேல பனி படுத்து கெடக்குது. பாஸ் ரொட்டிக்கு கித்துள் பாணி, அதான் அந்த இனிப்பு பாகு, அந்த போத்தல கவுத்துறாரு. வருதா? வரல. போத்தல் வாயில ஒரு சொட்டு தொங்கிக்கிட்டு நிக்குது. அவரும் பாக்குறாரு, நானும் பாக்குறேன், ரொட்டியும் பாக்குது.

"மேரி நங்கி, இத பாத்துக்க"னு சொன்னாரு. நங்கினா தங்கச்சி. "இதே போத்தல பகல்ல வெயில்ல வச்சா என்ன ஆகும்?"

"தண்ணி மாதிரி ஓடும் பாஸ்."

"அவ்வளவுதான் ஒயில். கேன்ல ரெண்டு நம்பர் இருக்குல்ல, மொத நம்பர் குளிருக்கு. அது சின்னதா இருந்தா விடியக்காலையில சட்டுனு ஓடி மேல ஏறும். ரெண்டாவது நம்பர் சூட்டுக்கு. அது பெருசா இருந்தா இஞ்சின் கொதிக்கிறப்பவும் தடிப்பு விடாம நிக்கும். இது புரிஞ்சா பாதி பாஸ் நீ."

பாதி பாஸாம்! அன்னைக்கு வீட்டுக்கு போயி புருசங்கிட்ட சொன்னேன். அப்ப மீதி பாதியும் படிச்சிட்டு வா, சம்பளம் கூடும்னாரு. அவரும் நல்ல மனுசன்தான், பகிடி மட்டும் கொஞ்சம் கூட.

அதுக்கப்புறம் பாஸ் எனக்கு விரல்ல ஒயில் பாக்க சொல்லிக் குடுத்தாரு. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு சொட்டு வச்சு மெதுவா விரிக்கணும். நூலு எவ்வளவு தூரம் இழுக்குது, எப்ப அறுது, அத பாக்கணும். கொஞ்ச காலத்துல நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன், இது பதினஞ்சு நாப்பது, இது சைபர் இருபது, இது எவனோ வேற எதையோ கலந்தது. ஆளுங்க வந்து பாத்துட்டு கைதட்டுவாங்க. எனக்கு அந்த கைதட்டு ரொம்ப புடிக்கும். இப்பவும் புடிக்கும்.

பிக்கப்புக்காரங்க வந்தா நீங்க கவனமா இருக்கணும். கார்க்காரன் வேலைக்கு போவான், வருவான். பிக்கப்புக்காரன் அப்புடி இல்ல. ஒருத்தன் தம்புள்ளைக்கு வெங்காயம் ஏத்த போவான், அங்க வெயில் மண்டைய பிளக்கும். ஒருத்தன் நுவரெலியாவுல லீக்ஸ் ஏத்துவான், அங்க விடியக்காலையில விரல் வெறச்சிரும். ரெண்டு பேருக்கும் ஒரே பிக்கப்பு, ஒரே வயசு. ஆனா ஒரே ஒயிலானு கண்ண மூடிக்கிட்டு சொல்ல ஏலாது. வண்டிக்கு என்ன வயசு, எங்க ஓடுது, என்ன ஏத்துறாங்க, இத கேட்டுட்டு, வண்டி கூட வந்த புத்தகத்த பாருங்க. புத்தகம் இல்லாட்டி நம்ம ஆபீஸ்ல கேளுங்க. வெக்கப்படாதீங்க. எனக்கு யாராச்சும் வாசிச்சு காட்டணும், நானே வெக்கப்படல.

சில பேரு பழைய இஞ்சின்னா கட்டி ஒயில் ஊத்துனா போதும்னு நெனைக்கிறாங்க. ஒரு தொப்பிக்காரர் வந்தாரு, பிக்கப் டக்கு டக்குனு சத்தம் போடுது. "இருக்குறதுலயே கட்டியானத ஊத்துங்க, சத்தம் நிக்கணும்"கிறாரு. பாஸ் கேட்டாரு, "எப்ப விக்கப் போறீங்க?" அந்த ஆளு மொகத்த பாக்கணுமே! நாளைக்கு வாங்குற ஆள் வந்து பாக்குதாம், அது வரைக்கும் சத்தம் அமுங்குனா போதுமாம். பாஸ் ஊத்தமாட்டேன்னுட்டாரு. "வாங்குறவன் நாளன்னைக்கு இங்கதான் வருவான், அவன் மூஞ்சிய பாக்க வேண்டியது நானு"ன்னாரு. தொப்பிக்காரர் கோவத்துல போனாரு, தொப்பிய விட்டுட்டு போயிட்டாரு. அந்த தொப்பிய நம்ம வாட்சர் ரொம்ப நாள் போட்டுக்கிட்டு திரிஞ்சாரு.

எங்க விட்டேன்? ஆங், நஸீர் நானா. நானானா முஸ்லிம் ஆளுங்க பேச்சுல அண்ணன்.

நஸீர் நானா கட்டுகஸ்தோட்டையில குந்துற கதிரை, கூடாரம் வாடகைக்கு குடுக்குறவரு. கலியாணமோ சாவு வீடோ, அவருகிட்டதான் கதிரை. ஒரே ஒரு பிக்கப்பு. பழைய டீசல். அத அவரு வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம கழுவி, டாஷ்போட்ட துணியால தொடச்சு, சீட்டுக்கு உறை போட்டு, பொண்டாட்டி கூட கேப்பாங்களாம், "என்னயா கட்டுனீங்க, அந்த பிக்கப்பையா?"ன்னு. அந்த வண்டி நின்னா அவரு வீட்டுல அடுப்பு நிக்கும். அது எனக்கு நல்லா தெரியும்.

பாஸ் அப்ப இல்ல, வயசாகி மகன் வீட்டோட போயிட்டாரு. ஒயில் பக்கம் முழுக்க நான்தான். கீழ குழியில இருந்து பழைய ஒயில எறக்கி ஃபில்டர் மாத்துறது ஆம்பளைங்க. மேல புது ஒயில் ஊத்துறது நான்.

ஒரு ஞாயித்துக்கெழம காலையில, கேட்டு தொறந்து அஞ்சு நிமிசம் ஆகல, நஸீர் நானா வந்து நிக்கிறாரு. பிக்கப்பு முழுக்க கதிரை. அதுக்கு மேல கூடாரத்து இரும்பு கம்பி.

"அக்கா, பன்விலைக்கு மேல தோட்டத்துல கலியாணம். பத்து மணிக்குள்ள கதிரை போவணும். மல ஏறணும், ஒயில் மாத்துற நாளும் வந்து ஈக்கி. மாத்திட்டே போறேன். பொறுப்பா செய்ங்கொ."

ஈக்கினா அவுங்க பேச்சுல இருக்கு. நல்ல மனுசன், பாருங்க. லோடோட மல ஏறுறதுக்கு முன்னால ஒயில் மாத்துறாரு. எத்தன பேரு செய்வாங்க?

கீழ பழைய ஒயில எறக்கி, ஃபில்டரும் மாத்தி, ஊத்துங்க அக்கான்னு குரல் வந்துச்சு. அந்த வாரம் என் பேத்தி மாதா கோயில்ல மொத நன்மை வாங்குறா. வெள்ள கவுன் தைக்க குடுத்திருந்தோம், அந்த தையக்காரி கை நீளத்த பிழையா வெட்டிட்டா. அத நஸீர் நானாகிட்ட சொல்லிக்கிட்டே ஒயில் அடுக்கி வச்ச ராக்கையில இருந்து நீல கேன எடுத்தேன். நாலு லீட்டர் ஒன்னு, ஒரு லீட்டர் ரெண்டு. டீசலுக்கு நீலம். எத்தனையோ வருசமா டீசலுக்கு நீலம். பெற்றோலும் கரண்டும் சேந்து ஓடுதே, அந்த கைப்ரிட் காருக்கு ஊத்துற மெல்லிசு ஒயில் சாம்பல் கேன். என் கை தானா போயி நீலத்த எடுக்கும். கவுன் கைய மறுபடி தச்சாளா, அதுக்கு எவ்வளவு கேட்டா, எல்லாம் சொல்லி முடிக்கவும் ஆறு லீட்டரும் உள்ள போயிருச்சு. ஸ்டார்ட் பண்ணதும் ஒயில் லைட் அணைஞ்சிச்சு, ஒயில் அளக்குற கம்பி, அந்த டிப் ஸ்டிக்குல அளவு சரி. நஸீர் நானா துஆ ஓதிட்டு போயிட்டாரு.

ஒரு மணித்தியாலம் இருக்கும். ஒரு கைப்ரிட் கார் வருது. சாம்பல் கேன தேடுறேன், ஒன்னும் இல்ல. கணக்கு எழுதுற பொம்பளப் புள்ளய கூப்புட்டு, "சைபர் இருபது எங்கம்மா?"ன்னேன்.

"அங்கதான் அக்கா, ஒங்க கண்ணு முன்னால. நேத்து வந்த லோடுல கொம்பனிக்காரன் கேன் கலர மாத்திட்டான். இப்ப அதுவும் நீலம்."

புள்ளைங்களா, ஓடிப் போயி குப்பக் கூடையில நான் போட்ட வெறுங்கேன எடுத்தேன். அடியில ஒரு சொட்டு இருந்துச்சு. விரல்ல வச்சு விரிச்சேன். நூலே இல்ல. தண்ணி. அப்புறம் நம்பர பாத்தேன். பெரிய எழுத்துல போட்டிருக்கான். சைபர், இருபது. எனக்கு தெரிஞ்ச நம்பர்தான். கண்ணாடியும் நெத்தி மேலதான் இருந்துச்சு. பாக்கல. கைதட்டு வாங்குன விரல்ல ஒரு சொட்டு வச்சு கூட பாக்கல.

அந்த மெல்லிசு ஒயில் புது இஞ்சினுக்கு நல்ல சாமான். அதுக்குள்ள எடவெளி மயிர் மாதிரி. நஸீர் நானா வண்டி தேஞ்ச இஞ்சின், டீசல் வேற. லோடு ஏத்தி மல ஏறி சூடாகுறப்போ அந்த ஒயில் எங்கயும் நிக்காது, வழிஞ்சிரும். உள்ள இரும்பு இரும்போட உரசும். அப்புறம் இஞ்சின் வேலைக்கு காசு தேட நஸீர் நானா எங்க போவாரு?

போன் எடுத்தேன். அடிக்குது, அடிக்குது. எடுக்கல. வண்டி ஓட்டுறப்போ போன தொடமாட்டாரு அந்த மனுசன். எல்லா நல்ல பழக்கமும் அன்னைக்கு எனக்கு எதிரா நிக்குது!

முதலாளிகிட்ட போயி சொன்னேன். அவரு மேசையில இருந்த பில் புத்தகத்த மூடுனாரு. "பழைய வண்டி அக்கா. அந்திக்கு வந்துருவான், வந்ததும் மாத்தி குடுப்போம். வழியில ஏதாச்சும் ஆனாலும் வண்டிக்கு வயசாயிருச்சுனுதான் நெனப்பான்."

அவரு கெட்ட மனுசன் இல்ல. பயந்துட்டாரு. எனக்கும் அந்த யோசன வரலன்னு சொன்னா பொய். ஒரு நிமிசம் வந்துச்சு. யாருக்கும் தெரியாது. வெறுங்கேன கொண்டு போயி போட்டா முடிஞ்சிச்சு. ஆனா நஸீர் நானா அந்த வண்டிய தொடைக்கிற துணி இருக்குல்ல, மஞ்ச துணி, அது கண்ணுக்குள்ள வந்து நின்னுக்கிச்சு. நான் என்ன செய்ய?

"இல்ல முதலாளி, நான் போறேன். பதினஞ்சு நாப்பது ஆறு லீட்டர் தாங்க. நட்டு கழட்டுற சாவியும் தாங்க."

"நீங்களா? குழிக்காரன அனுப்புறேன்."

"ஊத்துனது நான்தானே."

ரோட்டுல சுனில் த்ரீவீல் நின்னுச்சு. சுனில் நம்ம ஸ்டேண்டு ஆளு, ரெண்டு புள்ளைக்கு அப்பன். கேன், ஒரு பெரிய பேசின், சாக்கு, சாவி எல்லாத்தையும் பின்னால போட்டுக்கிட்டு ஏறுனேன்.

"எங்க அக்கே?"

"பன்வில. வேகமா."

"அக்கே, சமயலுக்கா போறீங்க, பேசினோட?"

"பேசாம ஓட்டு மல்லி, வழியில சொல்றேன்." சிங்களத்துல அக்கானா அக்கே, தம்பினா மல்லி.

வழியில சொன்னேன். பாதி கேட்டதும் சிரிச்சான், மீதி கேட்டதும் வேகத்த கூட்டுனான். வத்தேகம சந்தையில நிறுத்தி வெசாரிச்சோம். வாழக்கா விக்கிற பொம்பள, "கதிரை வண்டியா? கலியாண வாசலுக்கு வாழ மரம் ரெண்டு ஏத்திட்டு இப்பத்தான் போவுது"ன்னா. வாழ மரத்துக்கு நன்றி சொல்லுங்க, அது இல்லாட்டி அந்த மனுசன் எப்பவோ மேல போயிருப்பாரு.

பன்வில தாண்டுனதும் ஏத்தம். ஒரு பக்கம் தேயில, ஒரு பக்கம் பள்ளம். த்ரீவீல் மொனகுது. "இன்னும் வேகமா"ங்குறேன். "அக்கே, இது த்ரீவீல், ஏரோப்ளேன் இல்ல"ங்குறான். ஒவ்வொரு வளைவுலயும் ரோட்டுல ஒயில் கோடு விழுந்திருக்கானு பாத்துக்கிட்டே போறேன். அந்தோனியாருக்கு ஒரு பெட்டி மெழுகுதிரி நேந்துக்கிட்டேன். அடுத்த வளைவுல ரெண்டு பெட்டி ஆக்கிட்டேன்.

நாலாவது வளைவு திரும்புனதும் பாக்குறேன், பிக்கப்பு ஓரமா நிக்குது. போனட் தொறந்திருக்கு, வாழ மரம் ரெண்டும் பின்னால தலைய ஆட்டுது. நஸீர் நானா போனட்ட மூடிட்டு உள்ள ஏறுறாரு. சாவிய புடிக்கிறாரு.

"நானா! சாவிய திருப்பாதீங்க! திருப்பாதீங்க!"

அந்த மலையில என் சத்தம் மூணு தரம் கேட்டுச்சாம், சுனில் சொல்லுவான். கொழுந்து பறிச்சிக்கிட்டு நின்ன பொம்பளைங்க எல்லாம் நிமுந்து பாத்துச்சுங்க. நஸீர் நானா கைய எடுத்துட்டாரு.

"அக்கா? என்னத்துக்கு இப்பிடி ஓடி வாரீங்க? யாருக்கும் ஏதும் ஆச்சா?"

"வண்டி ஏன் நிப்பாட்டுனீங்க?"

"வளைவுல வேகத்த கொறைக்கயில ஒயில் லைட் மினுங்கிச்சு. சின்ன சத்தமும் வந்துச்சு. அணைச்சிட்டு ஆற விட்டேன். டிப் ஸ்டிக்குல அளவு சரியா ஈக்கி. அதான் போவலாம்னு..."

நான் கேன கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். வழி நெடுக எப்புடி சொல்றதுனு யோசிச்சு வச்சிருந்தேன். கொம்பனிக்காரன் கேன மாத்துனது, அது, இதுனு. நேர்ல அவரு மொகத்த பாத்ததும் அதெல்லாத்தையும் விட்டுட்டேன்.

"நானா, நான் பிழையான ஒயில ஊத்திட்டேன். காருக்கு ஊத்துற மெல்லிசு ஒயில். கேன பாக்காம ஊத்திட்டேன்."

அவரு வண்டிய ஒரு தரம் பாத்தாரு. ரோட்டோர கல்லுல போயி உக்காந்துட்டாரு. தொப்பிய கழட்டி மடியில வச்சிக்கிட்டாரு. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இங்கதான் அவசரப்படக் கூடாது, நல்லா கேட்டுக்கங்க. வண்டிய இப்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது, ஒரு அடி கூட நகத்தக் கூடாது. நல்ல வேளையா கொஞ்சம் சமனான எடத்துல நிப்பாட்டியிருந்தாரு. உருளாம இருக்க பின்னால சில்லு ரெண்டுக்கும் கல்லு வச்சோம். ஆனா மணி ஒம்பதரை, கலியாண வீடு இன்னும் ஒரு மைல் மேல. போன்ல சிக்னல் இல்ல. நான் சுனில்கிட்ட சொன்னேன், "முடிஞ்சத ஏத்திக்கிட்டு மேல போ மல்லி, ஆளுங்கள எறக்கி கூட்டியா." அவன் ஒரு பத்து கதிரைய கட்டிக்கிட்டு போனான்.

நான் சாரிய தூக்கி சொருகிக்கிட்டு சாக்க விரிச்சு வண்டிக்கு அடியில போனேன். ஒயில் கொதிக்குது. நட்ட பாதி கழட்டிட்டு கைய எடுத்துரணும், இல்லாட்டி தோல் போயிரும். எனக்கு கொஞ்சம் போச்சு, பாருங்க, இந்த தழும்பு. பேசின் நெறைய ஓடுது, சீனி இல்லாத பிளேன்டீ மாதிரி.

அப்பத்தான் மேல இருந்து சத்தம். டங்கு டங்குனு. கலியாண வீட்டு ஆளுங்க எறங்கி வர்றாங்க, மோளக்காரங்களையும் கூட்டிக்கிட்டு! கதிரை தூக்கத்தானே கூப்புட்டோம், எதுக்கு மோளம்னு கேட்டேன். "சும்மாதானே குந்திக்கிட்டு இருந்தானுங்க"ன்னாரு ஒரு மாமா. மாப்பிள்ளையோட சித்தப்பன், தாய்மாமன், பட்டு சாரியில பொம்பளைங்க, தலைக்கு ஒரு கதிரை. மோளம் முன்னால, அதுக்கு பின்னால கதிரை ஊர்கோலம் மல ஏறுது. சாமி தூக்கிட்டு போற மாதிரி போச்சு. நான் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு இதெல்லாம் காலு காலா பாத்தேன்.

ஒரு பொம்பள எனக்கு டீயும் வெள்ளப் பீங்கான் தட்டுல முறுக்கும் கொண்டாந்துச்சு, மினுமினுனு ஜிகினா வச்ச சாரி. நான் வெளிய வந்து உக்காந்து, முறுக்க மடியில கொட்டிக்கிட்டு பீங்கான எடுத்தேன். "ஐயோ, அது கலியாணப் பீங்கான் அக்கா!" "இருக்கட்டும் தங்கச்சி, நல்ல காரியத்துக்குத்தான்." பேசின்ல இருந்து கொஞ்சம் ஒயில அள்ளி அந்த வெள்ளப் பீங்கான்ல மெல்லிசா ஓட விட்டேன். உள்ள உரசியிருந்தா ஒயில்ல தூள் மினுங்கும். வெயில்ல புடிச்சு சாச்சு பாத்தா தெரியும். மினுங்குனா இஞ்சின் போச்சு. மினுங்காட்டி பொழச்சிச்சு.

"நானா, வந்து பாருங்க."

"என்னால ஏலா அக்கா. நீங்க பாத்து சொல்லுங்கொ." கல்ல விட்டு எந்திரிக்கல. மறுபக்கம் திரும்பிக்கிட்டாரு.

கண்ணாடிய போட்டேன். பீங்கான சாச்சேன். ஒயில் ஓடுது, சுத்தம், சுத்தம், சுத்தம். அப்புறம் ஓரத்துல ஒன்னு மினுங்கிச்சு.

எல்லாரும் எட்டிப் பாக்குறாங்க. மோளக்காரன் ஒருத்தன் திரும்பி வந்து அவனும் பாக்குறான். ஒரு புள்ளிதான். ஆனா நல்லா பளிச்சுனு இருந்துச்சு. விரல் நுனியில எடுத்தேன். தட்டையா இருக்கு. வட்டமா இருக்கு. கண்ணுக்கிட்ட கொண்டு போனேன். நடுவுல ஒரு ஓட்ட இருக்கு.

இஞ்சினுக்குள்ள இருந்து ஓட்ட போட்ட தூள் எப்புடி வரும்? நிமுந்து அந்த டீ கொண்டாந்த பொம்பளய பாத்தேன். சாரி முந்தானையில ஒரு ஜிகினாவ காணல.

"தங்கச்சி, இது ஒன்னுதுதானே?"

"ஐயோ, வாடகைச் சாரி அக்கா, ஜிகினாவ எண்ணி வாங்குவாங்க! குடுங்க!"

நான் சிரிச்ச சிரிப்புல முறுக்கெல்லாம் ரோட்டுல கொட்டிருச்சு. மறுபடி ரெண்டு தரம் ஒயில் அள்ளி பாத்தேன், அடியில இருந்தும் அள்ளி பாத்தேன். ஒரு தூள் இல்ல. "நானா, சுத்தம்! சத்தியமா சுத்தம்!" அவரு எந்திரிச்சு வந்து பீங்கான வாங்கி தானும் பாத்தாரு. "அல்ஹம்துலில்லாஹ்"ன்னாரு. அப்புறம் அந்த ஒயிலு பீங்கான தன் மஞ்ச துணியால தொடச்சு அந்த பொம்பளகிட்ட குடுத்தாரு. வண்டிய தவிர வேற ஒன்ன அந்த துணியால தொடச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

நட்ட முறுக்கி, பதினஞ்சு நாப்பத ஊத்துனேன். கேன் நம்பர சத்தமா வாசிச்சு ஊத்துனேன். அவரு சாவிய திருப்புனாரு. லைட் எரிஞ்சிச்சு, நான் மூச்ச புடிச்சிக்கிட்டேன், ரெண்டு எண்ணுறதுக்குள்ள அணைஞ்சிச்சு. சத்தம் இல்ல. கூடாரத்து கம்பியும் வாழ மரமும் ஏத்திக்கிட்டு மெதுவா மேல போனோம். ஃபில்டர்ல மெல்லிசு கொஞ்சம் மிச்சம் இருக்கும், நாளைக்கு அதையும் மாத்தணும், வாங்கன்னேன். தலைய மட்டும் ஆட்டுனாரு. சாப்புட்டு போக சொன்னாங்க, சாப்புட்டோம். சுனில் மூணு தரம் சாப்புட்டான். ஆனா நஸீர் நானா எங்கூட ஒரு வார்த்த பேசல.

அடுத்த நாள் ஃபில்டர் மாத்த வந்தது அவரு இல்ல, அவரு மச்சான் வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தாரு. முதலாளி காசு வாங்கல. நான் முதலாளிகிட்ட போயி, கேனெல்லாம் சேந்தாப்புல வைக்காதீங்க, ராக்கைய பிரிச்சு வைங்க, இனிமே ஊத்துறதுக்கு முன்னால வண்டிக்காரருக்கு நம்பர காட்டி வாசிச்சிட்டுத்தான் ஊத்தணும்னேன். செஞ்சாரு. நீங்க இப்ப ஒவ்வொரு தரமும் நம்பர சத்தமா வாசிக்கிறீங்களே, எதுக்குடா இந்த தொல்லைனு மொனகுறீங்களே, அது நான் செஞ்ச பிழையில இருந்து வந்தது. கேன் கலர் கொம்பனிக்காரன் மனசுல இருக்கு, எப்ப வேணும்னாலும் மாறும். வேற ஊர்ல, வேற கடையில வேல செஞ்சாலும் இத விட்றாதீங்க. பிழை விட்டா மூடாதீங்க. இஞ்சின் போகாத வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு.

மூணு மாசமா ஒவ்வொரு பிக்கப் சத்தத்துக்கும் நான் தலைய தூக்கி பாப்பேன். அவரு வேற எடத்துக்கு போயிட்டாரு, அது ஞாயந்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவரு எடத்துல நான் இருந்தாலும் போயிருப்பேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் வந்து நின்னாரு. வண்டி கண்ணாடி மாதிரி மினுங்குது. நான் பின்னால துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன், என்னய காணல. அப்ப ஒயில் பக்கத்துக்கு படிச்ச ஆள் ஒருத்தரும் வந்திருந்தாரு, டிப்ளோமா எல்லாம் முடிச்சவரு. அவரு ஓடிப் போயி, "வாங்க சேர், நான் பாக்குறேன், பதினஞ்சு நாப்பதுதானே"ன்னாரு.

நஸீர் நானா எறங்கல. ஜன்னலால தலைய நீட்டி கேட்டாரு, "நீங்க பிழை விட்டா பன்வில மலைக்கு ஏறி வருவீங்களா?"

அந்த ஆளுக்கு ஒன்னும் வெளங்கல. "நான் பிழை விடமாட்டேன் சேர்"ன்னாரு.

"அப்ப நீங்க வேணாம். மலைக்கு ஏறி வார ஆள் ஈக்கிறாங்க, அவங்கள கூப்புடுங்கொ."

நான் கைய தொடச்சிக்கிட்டு ஓடுனேன். நெத்தி மேல இருந்த கண்ணாடிய எறக்குனேன். கேன எடுத்தேன். அவரும் எறங்கி பக்கத்துல வந்து நின்னாரு. ரெண்டு பேரும் சேந்து நம்பர வாசிச்சோம்.